தினசரி சத்து அளவு: எண்ணை எப்படிப் படிக்கக் கூடாது

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பட்டியலில், நாளொன்றுக்கு இரும்புச்சத்து ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம். தன் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்து 22 வந்ததும், 'எனக்கு ரத்தசோகை' என்று முடிவுகட்டும் பெண்கள் பலர். தயவுசெய்து அப்படிப் பதற வேண்டாம். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 97 பேருக்காவது போதும்படி, தாராளமாக வைத்த அளவு அது. பெரும்பாலோரின் தேவை அதற்குக் கீழேதான். ரத்தசோகை உண்டா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அடுத்த தவறு, அமெரிக்கப் பட்டியலை எடுத்துவந்து நம் தட்டுக்குப் பொருத்துவது. அங்கே பெண்ணுக்கு 18 மில்லிகிராம்தான். சோறு, பருப்பு, கீரை என்று சாப்பிடும்போது இரும்பு குறைவாகவே உடலில் சேரும்; இறைச்சியிலிருந்து கூடுதலாகச் சேரும். நம் அளவு உயர்ந்திருக்க இதுவே முக்கியக் காரணம். ஆகவே எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு, எதனுடன் சாப்பிட்டோம் என்பதையும் பார்க்க வேண்டும். கீரைச் சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றுங்கள் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

கூடுதலாக எடுத்தால் கூடுதல் நன்மை என்பதும் தவறு. இரும்புக்கு உச்ச வரம்பு 45 மில்லிகிராம். ஆனால் ரத்தசோகைக்கு மருத்துவர் தரும் மாத்திரை அதைத் தாண்டலாம். அது சிகிச்சை, இந்த எண்ணைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

பழைய பட்டியல்களும் இன்னும் சுற்றுகின்றன. 2010 பட்டியலில் பெரியவர்களுக்குக் கால்சியம் 600 மில்லிகிராம். 2020-இல் அது 1000.

பாக்கெட்டின் பின்புறம் உள்ள சதவீதத்தில் இன்னொரு சிக்கல். அந்தச் சதவீதத்துக்கு அடிப்படையான நாளளவுகளில், சோடியம் 2000 மில்லிகிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்பவை எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல, தாண்டக் கூடாத எல்லைகள். ஒரு சின்ன மிக்சர் பாக்கெட்டில் சோடியம் 25 சதவீதம் என்றிருந்தால், அன்றைய எல்லையில் கால்பங்கு அதிலேயே போய்விட்டது.

புரதத்துக்கு எடைக்கேற்பக் கணக்கிட வேண்டும்: கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். இதை 50 கிராம் பருப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 100 கிராம் துவரம்பருப்பிலேயே புரதம் 20 கிராமுக்குச் சற்று மேல்தான். சிறுநீரக நோயாளிகள் இந்தக் கணக்கைப் பின்பற்றவே வேண்டாம். அவர்களுக்கான அளவை மருத்துவர் தனியாகச் சொல்வார்.