தோணி துறையில் நிற்கும்போது: புதிதாக ஏறும் தம்பிக்கு

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மரத்தால் கட்டிய சரக்குக் கலமான தோணியில் வேலைக்குச் சேரும் பையன்கள் பலர், துறையில் நிற்கும் நாட்களை ஓய்வு நாட்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். மாலத்தீவுக்கு ஓடும்போது கடல் மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் விழிப்பாகவும் இருப்போம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கட்டிக்கிடக்கும்போதுதான் மரக்கலம் கெடுகிறது. தம்பி, தொழிலை அப்போது கற்றுக்கொள்.

காலையில் எழுந்ததும் அடியில் ஊறிய தண்ணீரைப் பார். தேநீர் அதற்குப் பிறகுதான். கோலை இறக்கி எத்தனை விரற்கடை நனைந்திருக்கிறது என்று தோணித் தலைவரான தண்டலிடம் சொல். மரத்தில் கட்டியது கொஞ்சம் ஊறத்தான் செய்யும். நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்பதே கேள்வி. கூடியிருந்தால் விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடு. நன்றாகக் கரித்தால் பக்கப் பலகை எங்கோ விட்டிருக்கிறது. சப்பென்று இருந்தால் மேல்தளம் வழியாக மழை இறங்கியிருக்கிறது. எங்கே தேடுவது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தளத்தை நனைப்பது. வெயிலில் பலகை சுருங்கினால் இணைப்புகள் வாய் திறக்கும், உள்ளே அடைத்த பஞ்சு தளரும். ஆகவே வெயில் ஏறும் முன்பும், சாயும்போதும் கடல்நீரை வாளி வாளியாக ஊற்று. குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்புநீர் பூஞ்சையை அண்டவிடாது. நன்னீர் தேங்கிய மூலைதான் முதலில் மக்கும். மழை பெய்து ஓய்ந்தாலும் ஒருமுறை கடல்நீரால் அலசிவிட வேண்டும். எண்ணெய் மிதக்கும் பக்கத்தில் வாளியை விடாதே.

பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் கலப்பத்து வேலை நடக்கும்போது அந்த ஆசாரிக்குப் பக்கத்திலேயே உட்கார். பழைய பஞ்சைச் சுரண்டி எடுப்பார். இடுக்கு காய்ந்த பிறகு புதுப் பஞ்சைத் திரியாகத் திரித்து உளியும் சுத்தியலும் கொண்டு உள்ளே இறக்குவார். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். உன் கண் திரியில் இருந்தாலும் காது சுத்தியலில் இருக்கட்டும். பஞ்சு இறுக இறுகச் சத்தம் மாறும். அந்த மாற்றம் பிடிபட்டவனிடம்தான் நான் உளியைக் கொடுப்பேன்.

அடுத்தது, தோணியைத் துறையில் கட்டியிருக்கும் கயிறு. இங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தோணி முந்நூறு டன் ஏற்றும். சரக்கு ஏறினால் அமிழும், இறங்கினால் எழும்பும். அதனால் சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவன் கயிற்றருகே நின்று தளர்த்தவும் இழுக்கவும் வேண்டும். கல்லில் உரசும் இடத்தில் சாக்கைச் சுற்று. பாய்மரப் பாயை ஈரத்தோடு மடிக்காதே.

சமையலில், சமையற்காரரான பண்டாரி சொன்னதே சட்டம். புதியவனைப் பெரும்பாலும் அவரிடம்தான் விடுவார்கள். மனம் சுணங்காதே, தோணியில் தீயைக் கையாளக் கற்பது அங்கேதான். கச்சான் காற்றில் ஒரு பொறி பறந்தால் பக்கத்துத் தோணியின் தார்ப்பாயில் போய் விழும். அடுப்பருகே மண் வாளி நிறைந்திருக்க வேண்டும், சோறு வடித்த கையோடு நெருப்பை அணைக்க வேண்டும். குடிநீர்ப் பீப்பாயில் கை கழுவுகிறவனை நான் இரண்டாம் முறை மன்னிப்பதில்லை.

இரவுக் காவலை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூலை 26-இல் பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால் யாருக்கும் தோணியில் கால் தங்காது. ஆகஸ்ட் 5 திருவிழாவன்று எல்லோரும் போகத்தான் ஆசைப்படுவார்கள். போங்கள், மாதாவைப் பார்க்காமல் கடலுக்குப் போவதா? ஆனால் ஊறிய தண்ணீரை இறைக்கும் பம்ப்பை இயக்கத் தெரிந்த ஒருவராவது தோணியில் இருக்க வேண்டும். காலையில் பாதிப் பேர், மாலையில் பாதிப் பேர் என்று முந்தின நாளே பேசிவையுங்கள். புதியவனைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.