ஆபீஸ் மெயில்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் படிப்படியாக

வேலையில் சேரும் அன்று ஒரு கட்டு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். நடுவில் எங்கோ ‘ஐடி பாலிசி’ என்று, ஆபீஸ் கம்ப்யூட்டர், மெயில் விதிகள் நாலு பக்கம் இருக்கும். யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை, பின்னால் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

படி 1: அந்த நாலு பக்கத்தைப் புரட்டுங்கள்

மூன்று விஷயம் தெரிந்தால் போதும். சொந்த வேலைக்கு இந்த மெயிலைத் தொடலாமா? நம் மெயிலை நிர்வாகம் பார்க்குமா? சொந்த போனில் போட்டுக்கொள்ளலாமா? இரண்டாவதற்கு ‘பார்ப்போம்’ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ருமேனியாவில் ஒரு பொறியாளர், ஆபீஸ் வேலைக்காகத் தொடங்கிய யாஹூ மெசஞ்சரில் சொந்தப் பேச்சு பேசினார் என்று 2007-ல் வேலையிழந்தார். எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்ற காரணத்தோடு, 2017-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருஷம்! நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

படி 2: சொந்த விவகாரங்களை வெளியே எடுங்கள்

பேங்க், பிஎஃப், இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளி எதற்கும் ஆபீஸ் மெயில் ஐடியைக் கொடுக்காதீர்கள். வேலையை விட்ட அன்று மாலையே ஆபீஸில் அந்த மெயில் கணக்கை மூடிவிடலாம். அப்புறம் ஓடிபி எங்கே வரும்?

படி 3: மெயிலைத் தலைகீழாக எழுதுங்கள்

முதலில் ஃபைலை இணையுங்கள். இணைத்ததை ஒருமுறை திறந்து, சரியான ஃபைல்தானா என்று பாருங்கள். பிறகு விஷயத்தை எழுதுங்கள், பிறகு சப்ஜெக்ட். ‘ஹாய்’ என்பது சப்ஜெக்ட் அல்ல. ‘மே மாத பில், ஒப்புதல் தேவை’ என்பதுதான் சப்ஜெக்ட். பெறுபவர் முகவரி கடைசியில்தான். அது காலியாக இருக்கும்வரை கை தவறி அழுத்தினாலும் மெயில் போகாது.

முகவரி போடும்போது ‘கா’ என்று அடித்ததும் நாலு கார்த்திக் வரிசையில் நிற்பார்கள். பெயரை நம்பாமல் முழு முகவரியைப் பாருங்கள்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற வழக்கமாக 5 விநாடிதான் கிடைக்கும். செட்டிங்ஸில் போய் அதை 30 ஆக்கிவிடுங்கள். இன்றே.

படி 4: பார்வர்டு பட்டனுக்குப் பயப்படுங்கள்

சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொட்டேஷன் அனுப்பினேன். மேலே பணிவாக இரண்டு வரி, கூடவே பிடிஎஃப். பத்து நிமிஷத்தில் அவரே போனில் கூப்பிட்டார். “தம்பி, 12 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம்னு உங்க மேனேஜர் கீழே எழுதியிருக்காரே, அதுலயே முடிச்சிடலாமா?”

மேனேஜர் எனக்கு அனுப்பிய மெயிலையே அப்படியே தள்ளிவிட்டிருந்தேன். எங்களுக்குள் ஓடிய பேச்சு முழுக்க அடியில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த ஆர்டர் 12 சதவீதத்தில்தான் முடிந்தது. அன்றிலிருந்து ஆபீஸுக்கு வெளியே போகும் எதையும் புதிய மெயிலாகத்தான் எழுதுகிறேன். வேறு வழியில்லை என்றால் கடைசி வரி வரை உருட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

படி 5: சிசி, பிசிசி, ரிப்ளை ஆல்

விஷயம் தெரிந்திருந்தால் மட்டும் போதும் என்பவர் சிசியில். ஒருவரையொருவர் அறியாத ஐம்பது பேருக்கு அனுப்பினால் எல்லோரும் பிசிசியில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. இல்லையென்றால் அத்தனை பேரின் முகவரியும் அத்தனை பேருக்கும் போய்விடும். பிறந்தநாள் வாழ்த்துக்கு ரிப்ளை ஆல் அழுத்துபவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

படி 6: பணம் என்று வந்தால் போனை எடுங்கள்

‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று சப்ளையர் பெயரில் மெயில் வரும். ‘மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே கிஃப்ட் கார்டு வாங்கு’ என்று முதலாளி பெயரிலும் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில சமயம் அதுகூட மாறியிருக்காது, அவர் மெயில் கணக்கையே யாராவது பிடித்திருப்பார்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏமாந்து லிங்க்கை அழுத்திவிட்டீர்களா? மறைக்காமல் ஐடி டீமிடம் அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள்.

படி 7: கிளம்பும்போது

ராஜினாமா கொடுத்ததும் சம்பள ஸ்லிப், சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று (ஃபார்ம் 16) இரண்டையும் ஹெச்ஆரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். கடைசி வாரத்தில் போகும் மெயில்களைத்தான் ஐடி டீம் முதலில் பார்ப்பார்கள்.