இந்திராநகர் பெல்ஜியன் பீர் பப்புக்கு போறவங்க இதை படிச்சிட்டு போங்க

பெங்களூர் இந்திராநகர்ல புதுசா பெல்ஜியன் ஸ்டைல் பீர் பப் திறந்திருக்காங்க, போனதும் மெனுல முதல்ல ஆல்கஹால் சதவீதத்தை பாருங்க மக்களே, ஏன்னா இது நாம பழகின 5% லாகர் பீர் கிடையாது, இங்க கிடைக்கிற பெல்ஜியன் பீர்ல டூவல் 8.5%, வெஸ்ட்மால் ட்ரிப்பல் 9.5%, துறவி மடத்துலயே காய்ச்சுற 'ரோஷ்ஃபோர்ட் 10'ங்கிற பீர் வந்து 11.3%! அதனால வெறும் வயித்துல போகாதீங்க, ஹூகார்டன் மாதிரி வீட் பீர்ல (கோதுமை பீர்) ஆரம்பிங்க, 4.9% தான், அதுல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சு தோலும் போடுறாங்க, நம்ம நாக்குக்கு சட்டுனு ஒட்டிக்கும்.

ஒவ்வொரு பீருக்கும் தனி கிளாஸ், மாத்தி கொடுத்தா தயங்காம கேளுங்க. பாட்டில்னா கிளாஸை சாய்ச்சு மெதுவா ஊத்தி கடைசில நிமிர்த்துங்க, ரெண்டு விரல் நுரை நிக்கணும், அடியில தங்குற ஈஸ்டை பாட்டில்லயே விட்டுடலாம்.

சாப்பாட்டுக்கு மஸல்ஸும் (ஓட்டோட வேகவைக்கிற கடல் சிப்பி) ஃப்ரைஸும் கண்டிப்பா சொல்லுங்க. ஃபோர்க் வேண்டாம், முதல் மஸலை எடுத்து சாப்பிட்டதும் அந்த காலி சிப்பியையே இடுக்கி மாதிரி பிடிச்சு மத்ததை கிள்ளி எடுங்க, அடியில இருக்கிற சாறுல பிரெட்டை நனைச்சு சாப்பிட்டா அடடா!! வேகும்போது வாய் திறக்காத சிப்பியை ஒதுக்கிடுங்க. ஃப்ரைஸ் ரெண்டு தடவை பொரிச்சதா இருக்கணும், கெச்சப் வேண்டாம், மயோ கேளுங்க. கார்பொனாட்ங்கிற ஸ்டூ பீஃப்ல பண்றது, சாப்பிடாதவங்க கேட்டுக்கோங்க. சைவம்னா சீஸ் குரோக்கெட் (உள்ள சீஸ் வச்சு பொரிச்ச கட்லெட் மாதிரி) இருக்கான்னு பாருங்க.

வண்டி எடுக்காதீங்க ப்ளீஸ், பர்ப்பிள் லைன் மெட்ரோ பக்கத்துலயே இருக்கு.