முகிலுக்கு முன்னே உலக முடிவில்: ஹோட்டன் சமவெளி ஒருநாள் நடை

இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்து விளிம்பு வரை நடந்துபோய், வெறும் வெள்ளை முகிலைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிந்திப் போனது. அந்த இடத்தில் மலை ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏறியதும் கீழ்ப்பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகிப் பாறைமுகத்தோடு மேலெழும். உயரத்தில் குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பதரைக்குப் பிறகு பள்ளத்தாக்கு தெரிந்தால் அது அதிர்ஷ்டம். எட்டரைக்குள் விளிம்பில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

நுழைவாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறக்குறைய 32 கி.மீ.; வளைவும் ஏற்றமுமான பாதை என்பதால் வேனுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நாலரைக்குப் புறப்படுங்கள். விடுமுறை நாட்களில் டிக்கெட் வரிசை நீளும், அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒஹியவில் ரயிலால் இறங்கி நடப்பதும் உண்டு. ஆனால் அங்கிருந்து நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரை சுமார் 11 கி.மீ. ஏற்றம், பகல் ரயிலில் வந்தால் முகில் உங்களை முந்திவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அப்போதுதான் விடியற்காலையில் புல்லில் உறைபனியும் படியும். மெல்லிய சேர்ட், அதன்மேல் சுவெட்டர், அதற்கும் மேல் ரெயின்கோட் என்று அடுக்காகப் போடுங்கள். ஏழரைக்குள் ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. 2,100 மீற்றருக்கு மேல் குளிரிலும் வெயில் தோலைச் சுடும், தொப்பி அவசியம்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் போதும். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பாட்டுப் பெட்டியில் அல்லது வாழையிலையில் எடுங்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். போத்தலின் லேபலையும் உரிப்பார்கள். வீட்டிலேயே உரித்துவிட்டால் வரிசையில் நேரம் மிச்சம்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கி.மீ., நிதானமாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணித்தியாலம். பாதை பிரியும் இடத்தில் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பாமல் உலக முடிவுப் பக்கமே போங்கள். நீர்வீழ்ச்சி மூடுபனியிலும் தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது. முதலில் வருவது சின்ன உலக முடிவு. அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பெரிய விளிம்பில் பாறை ஈரமாக இருக்கும், மண்ணும் உதிரும்; செல்ஃபிக்காகப் பின்வாங்கி நடக்கவே கூடாது.

சறுக்கி விழுவது அதிகமும் திரும்பும் வழியில், பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஈரப் படிகளிலும் வேர்களிலும்தான். தேய்ந்த அடியுள்ள சப்பாத்தும் செருப்பும் இங்கே ஆபத்து. முழுப் பாதத்தையும் பதித்து, பக்கவாட்டில் இறங்குங்கள். சுமார் 20 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியின் அடியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆழம் கண்ணுக்குத் தெரியாது, குளிர் கைகாலை விறைக்கச் செய்யும்.

ஃபார் இன் அருகே மரைகள் (பெரிய மான்கள்) வாகனம் வரை வரும். ரொட்டித் துண்டு நீட்டாதீர்கள். மனிதச் சாப்பாட்டு வாசனைக்குப் பழகிய மரை, அதே வாசனையுள்ள பொலித்தீனையும் விழுங்கும். அது வயிற்றில் அடைத்து மரை சாகும்.