பறங்கியர் பூர்வீகம் தேடுவோர் எங்கே வழி தவறுகிறார்கள்?

ஐரோப்பியர் வழிவந்த இலங்கைச் சமூகத்தாரான பறங்கியர் பலர் 1956க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூர்வீகம் தேடக் கிளம்பும்போது முதலில் கையில் எடுப்பது, 1908இல் தொடங்கிய ஒல்லாந்த (டச்சு)ப் பறங்கியர் சங்கத்தின் இதழில் அச்சான வம்சாவளிகளைத்தான். நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த வம்சாவளிகள் தகப்பன் வழியில் இறங்குபவை. ஐரோப்பிய மூதாதை ஒருவரிலிருந்து குடும்பத்தைக் காட்டுவதே அவற்றின் நோக்கம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் பெரும்பாலும் தனியாகக் கப்பலேறி வந்து இங்கேதான் கல்யாணம் செய்தார்கள். பெண்கள் பலர் போர்த்துக்கேய வழிக் கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் அம்மா வழி வேர் 1640இல் ஒல்லாந்தர் தென்னிலங்கையின் காலி நகரைப் பிடிப்பதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கலாம். அதை விட்டுவிட்டால் பாதிக் குடும்பம் போயிற்று.

அந்தப் பெண்களைத் தேடும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. ஒல்லாந்தர் காலத் தேவாலயப் பதிவேடுகளில் பெண்ணுக்குப் பொதுவாகப் பிறந்த வீட்டுப் பெயர்தான். கணவன் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டாள். மறுமணமும் அந்நாளில் சாதாரணம். ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு, மூன்று குடும்பப் பெயர்களில் இருப்பார்கள்.

அடுத்தது, வந்தவரெல்லாம் ஒல்லாந்தர் என்று முடிவு கட்டுவது. கம்பெனியில் ஜெர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் ஏராளம். நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள கப்பல் சம்பளப் பேரேடுகளில் ஆளின் பெயர், கப்பல், பதவி, சொந்த ஊர் எல்லாம் இருக்கும்; இணையத்திலும் தேடலாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கப்பலை அனுப்பிய கம்பெனிக் கிளை இருந்த ஆம்ஸ்டர்டாமையே சொந்த ஊராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரேரா, சில்வா என்ற பெயரை மட்டும் வைத்து போர்த்துக்கேய இரத்தம் என்று சொல்லவும் முடியாது. சிங்களவரும் தமிழரும் ஞானஸ்நானத்தோடு பெற்ற பெயர்கள் அவை.

அப்புறம், ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. ஒரே பெற்றோருக்கு யொஹானா என்ற பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தால் அவசரப்பட்டு முதலாவதை எடுக்காதீர்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது வழக்கம். உங்கள் பாட்டி இரண்டாமவளாக இருக்கலாம். அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுங்கள்.