லூபஸ் இறப்புக் கணக்கைப் படிப்பது எப்படி

வீட்டில் ஒருவருக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் உறுப்புகளைத் தாக்குகிற நோய், என்று தெரிந்ததும், ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு போனில் இறப்பு விகிதத்தைத் தேடாதவர்கள் குறைவு. என் மகளுக்கு வந்தபோது நானும் தேடினேன். பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். அந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். மருந்து விஷயத்துக்கு, இந்த மாதிரி நோய்களையும் மூட்டு நோய்களையும் பார்க்கிற உங்கள் ருமட்டாலஜி டாக்டர்தான்.

முதலில் வருஷத்தைப் பாருங்கள். 1950-களில் நோய் தெரிந்து ஐந்து வருஷம் தாண்டியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்களில் பத்து வருஷம் தாண்டுபவர்களே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் இருக்கிறார்கள்.

அப்புறம், எந்த எண்ணால் வகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவின் 1979–1998 இறப்புப் பதிவுகளில், லூபஸால் இறக்கும் விகிதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். இதை வைத்து ‘பையன்தானே, பயமில்லை’ என்று யாருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள். அது மொத்த மக்கள்தொகையால் வகுத்த எண். லூபஸ் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். நோயாளிகளில் பெண்ணும் ஆணும் ஒன்பதுக்கு ஒன்று, இறப்பில் ஐந்துக்கு ஒன்று என்று தோராயமாக நோட்டில் போட்டுப் பாருங்கள். நோய் வந்துவிட்ட ஆணுக்கு ஆபத்து குறைவு என்று அந்தக் கணக்கு சொல்லவே இல்லை.

அதே பதிவுகளில் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையர்களுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 45–64 வயதுக் கறுப்பினப் பெண்களிடம் அந்தக் காலத்துக்குள் சுமார் 70 சதவீதம் ஏறியிருந்தது. அவர்களுக்கு நோய் அதிகம் வருகிறது, சிறுநீரகத்தையும் அதிகம் தாக்குகிறது, உண்மைதான். ஆனால் வறுமை, காப்பீடு இல்லாமை, டாக்டரிடம் தாமதமாகப் போய்ச் சேருவது எல்லாமே அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. பரம்பரை என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். இந்த மாதிரி அமெரிக்க அட்டவணைகளில் வரும் ‘ஆசியர்’ என்ற கட்டத்தையும் அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனர், பிலிப்பினோ, இந்தியர் எல்லோரையும் அதில் ஒன்றாகப் போட்டிருப்பார்கள்.

எதனால் இறந்தார்கள் என்ற பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அதில்தான் நாம் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. ஆரம்ப வருஷங்களில் நோயின் தீவிரமும் தொற்றும், பிற்பாடு இதயநோயும் என்று டொரான்டோ மருத்துவர்கள் 1976-லேயே எழுதினார்கள். நம் ஊரில் தொற்றுக்கு, டிபி உட்பட, ரொம்பவே பயப்பட வேண்டும். சிறுநீரகம் கெடுவது வலிக்காது. அதனால் என் மகளின் ஃபைலில் முதல் தாள் யூரின் ரிப்போர்ட்தான். சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் புரதம்–கிரியாட்டினின் விகிதத்தைத் தேதியோடு சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிவிடுவேன். 0.5-ஐத் தாண்டினால் அடுத்த ஓபி வரை காத்திருக்க மாட்டோம். நுரை அடங்காத சிறுநீர், காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், ஏறும் பிபி, இவையும் அப்படித்தான்.

லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இறப்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. உடம்பு நன்றாக இருக்கிறதென்று அதை நிறுத்த விடாதீர்கள். அது நாளடைவில் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால், வருஷக் கண் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம்தான் தடை என்றால், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது, ஃபைலோடு போங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டோலோ போட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கவும் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.