துணைப்பாத்திரம் ஏற்பவர்கள் அக்னெஸ் மூர்ஹெட்டிடம் பயிலும் முறை

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ பாடசாலை நாடகத்தில் தாய், தோழி, அயல்வீட்டுக்காரி என்று சிறு வேடம் கிடைத்தவர்கள், அமெரிக்கக் குணசித்திர நடிகை அக்னெஸ் மூர்ஹெட்டின் (1900–1974) நடிப்பை ஊன்றிக் கவனிப்பது மிகுந்த பயன் தரும்.

முதலில் குரலைப் பழகுங்கள். வானொலியில் தேர்ச்சி பெற்ற அவர், 1943இல் ஒலிபரப்பான ஒரு நாடகத்தில், தொலைபேசியோடு படுக்கையில் கிடக்கும் பெண்ணின் எரிச்சலைச் சிறிது சிறிதாக அச்சமாக மாற்றிக் காட்டினார். உங்கள் வசனத்தையும் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் செய்து, பாத்திரத்தின் வயதும் மனநிலையும் விளங்குகின்றனவா என்று விசாரியுங்கள்.

அடுத்து, 1941இல் வெளியான ‘சிட்டிசன் கேன்’ திரைப்படத்தில் மகனைப் பிரியும் தாயாக அவர் வரும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். வெளியே பனியில் சிறுவன் விளையாடிக்கொண்டிருக்க, யன்னலருகே நிற்கும் அவரது முகம் இறுகியே இருக்கிறது. அழுகை இல்லை, ஆனால் பார்ப்பவர் நெஞ்சு கனக்கிறது. அவரது நடிப்பில் ஆகச் சிறந்தது இதுவே என்பது என் துணிபு. முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தில் பாடி ஆடிப் பழகியவர்களுக்கு இந்த அசையாமை எளிதில் கைவராது. ஆகவே கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் முன்னிலையில், கைகளை அசைக்காமல் வசனத்தை மட்டும் சொல்லிப் பழக வேண்டும்.

நான்கு தடவை ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அதைப் பெறாத அவர், 1964இல் தொடங்கிய ‘பிவிட்ச்ட்’ தொலைக்காட்சித் தொடரில் சூனியக்கார மாமியாராக நகைச்சுவையிலும் சோபித்தார். எனவே சோக வேடம் ஓரளவு படிந்ததும், நகைச்சுவை வேடம் ஒன்றையும் கேட்டு வாங்கி ஒத்திகை பாருங்கள்.